காஸில் கார்டன் கச்சேரியை மறுபடி மேடையேற்றுவது: ஜென்னி லிண்ட், 1850

ஸ்வீடன் நாட்டு சோப்ரானோ (உச்சக் குரல் பாடகி) ஜென்னி லிண்ட் அமெரிக்காவில் முதன்முதலாகப் பாடியது 1850 செப்டம்பர் 11, புதன்கிழமை இரவு 8 மணிக்கு. இடம், நியூயார்க்கின் தென்முனையில் பேட்டரி என்ற கரைப்பகுதியை ஒட்டியிருந்த காஸில் கார்டன் அரங்கம். இன்று அந்தக் கச்சேரியைத் திரும்ப நடத்த முனைபவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் திட்டமிடுகிறார்கள்: வெள்ளை கவுன் அணிந்த ஒரு பாடகி, ஒரு பியானோ, உயரத் தொப்பியுடன் கதை சொல்ல, லிண்டை அமெரிக்காவுக்கு வரவழைத்த நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் பி. டி. பார்னம் வேடத்தில் ஒருவர், ஒன்றரை மணி நேரம் இடைவிடாத பாட்டு. ஆனால் 1850-இல் அப்படி ஒரு கச்சேரி நடக்கவே இல்லை. அன்றைய நிரலில் இருந்தவை பத்து உருப்படிகள். அவற்றில் லிண்ட் பாடியவை ஐந்து, அதிலும் தனியாகப் பாடியவை மூன்று. மீதி நேரத்தைச் சுமந்தவர்கள் இசைக்குழுவும் பாரிட்டோனும் (நடுத்தர ஸ்தாயி ஆண் பாடகர்) இரண்டு பியானோ கலைஞர்களும் இரண்டு புல்லாங்குழல்காரர்களும். அந்த அமைப்பைக் கலைத்துவிட்டு உடையையும் மெட்டையும் மட்டும் எடுத்துக்கொண்டால் கச்சேரி இரண்டாம் பாதியில் தள்ளாடும். அதன் காரணம் நிரலிலேயே இருக்கிறது.

ஒப்பந்தம்

லிண்ட் 1849 மே 10 அன்று லண்டனில் ஓபரா மேடையிலிருந்து விலகினார். அப்போது வயது 28. அதன் பிறகு கச்சேரி மட்டும்தான். பார்னமின் முகவர் ஜான் ஹால் வில்டன் 1850 ஜனவரி 9 அன்று ஜெர்மனியின் லூபெக் நகரில் அவரிடம் கையெழுத்து வாங்கினார். 150 கச்சேரிகள் வரை, ஒவ்வொன்றுக்கும் 1,000 டாலர், செலவுகள் தனி. கூடவே இருவரை அழைத்து வர வேண்டும் என்பது லிண்டின் நிபந்தனை: இசை நடத்துநராகவும் பியானோவுக்கும் ஜூலியஸ் பெனடிக்ட், அவருக்கு 25,000 டாலர், பாரிட்டோன் ஜொவான்னி பெல்லெட்டி, அவருக்கு 12,500 டாலர். மூன்றையும் கூட்டினால் வரும் 187,500 டாலரையும் பார்னம் லண்டனின் பேரிங் பிரதர்ஸ் வங்கியில் முன்கூட்டியே கட்ட வேண்டியிருந்தது. அதுவரை லிண்ட் பாடி அவர் ஒரு முறைகூடக் கேட்டதில்லை.

அந்த இரண்டு பெயர்களையும் கவனிக்க வேண்டும். மறு மேடையேற்றத்துக்குப் பணம் பற்றாமல் போகும்போது முதலில் வெட்டப்படுவது பாரிட்டோன். லிண்ட் அதைத்தான் ஒப்பந்தத்திலேயே பூட்டி வைத்திருந்தார்.

அன்றைய நிரல்

நேரங்கள் இன்றைய வாசிப்பு வேகத்தை வைத்துப் போட்ட கணக்கு.

முதல் பாகம்:
1. வெபரின் 'ஓபரான்' ஓவர்ச்சர் (ஓபராவின் தொடக்க இசை), இசைக்குழு (9 நிமிடம்)
2. ரோஸினியின் 'மவோமெத்தோ செகோந்தோ'விலிருந்து 'சோர்ஜெத்தே', பெல்லெட்டி (6)
3. பெல்லினியின் 'நோர்மா'விலிருந்து 'காஸ்தா தீவா', லிண்ட் (6 அல்லது 7, பின்னால் வரும் வேகப்பகுதியும் சேர்ந்தால் 10)
4. 'நோர்மா' மெட்டுகளை வைத்துத் தால்பெர்க் எழுதிய இரட்டைப் பியானோ உருப்படி, பெனடிக்டும் ரிச்சர்ட் ஹாஃப்மனும் (15)
5. ரோஸினியின் 'இல் துர்கோ இன் இத்தாலியா' டூயட், லிண்டும் பெல்லெட்டியும் (7)

இரண்டாம் பாகம்:
6. பெனடிக்டின் 'தி க்ரூஸேடர்ஸ்' ஓவர்ச்சர், இசைக்குழு
7. மாயர்பேர் ஓபராவான 'ஐன் ஃபெல்ட்லாகர் இன் ஷ்லேசியன்'-இலிருந்து குரலுக்கும் இரண்டு புல்லாங்குழல்களுக்குமான மூவர் உருப்படி, லிண்ட், கைல், சீடே (8 அல்லது 9)
8. 'லார்கோ அல் ஃபக்தோத்தும்', பெல்லெட்டி (5)
9. 'மேய்ப்பன் பாட்டு' என்ற எதிரொலிப் பாட்டு, லிண்ட் (5)
10. 'அமெரிக்காவுக்கு வாழ்த்து', லிண்ட் (4)

லிண்ட் வாய் திறந்து பாடிய மொத்த நேரம் 35 நிமிடத்தைத் தாண்டாது. அந்த நேரம் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் கெட்டிக்காரத்தனம். இரவின் கனமான பாட்டு மூன்றாவதாக வருகிறது. அதற்குள் இசைக்குழுவும் பெல்லெட்டியும் அரங்கைச் சூடாக்கிவிடுகிறார்கள். அது முடிந்ததும் பாடகிக்குக் கால் மணி நேர ஓய்வு. கேட்பவர் காதில் 'நோர்மா' மட்டும் விலகுவதில்லை, பியானோக்கள் அதே மெட்டுகளைத்தான் வாசிக்கின்றன. அடுத்த டூயட் நகைச்சுவை. பாதிப் பாரம் பாரிட்டோன் தோளில். பிறகு இடைவேளையும் ஓர் ஓவர்ச்சரும் சேர்ந்து ஏறத்தாழ அரை மணி நேரம் குரலுக்கு விடுப்பு. அதற்குப் பின்தான் நிரலிலேயே மிகக் கடினமான நுணுக்க வேலை, மூவர் உருப்படி. பெல்லெட்டி ஐந்து நிமிடம் சிரிக்க வைக்கிறார். கடைசி இரண்டும் அடுத்தடுத்து வந்தாலும் குரல் எல்லை குறுகியவை, சுமை குறைந்தவை.

லிண்டுக்கு இந்த ஓய்வு அலங்காரமல்ல. சின்ன வயதிலேயே மிகையாகப் பாடி அவர் குரல் கெட்டிருந்தது. 1841-இல் பாரிஸில் குரல் ஆசிரியர் மானுவேல் கார்சியாவிடம் போனபோது, முதலில் சில வாரங்கள் குரலுக்கு முழு ஓய்வு கொடுத்துவிட்டு வா என்றுதான் அவர் திருப்பி அனுப்பினார். பயிற்சிக்குப் பிறகு மேல்ஸ்தாயி பளிச்சென்று திறந்தது. நடுஸ்தாயியில் ஒரு மங்கல் கடைசிவரை இருந்தது. இந்த நிரல் அப்படிப்பட்ட குரலுக்காகக் கட்டப்பட்டது. இதிலிருந்து பியானோ டூயட்டையும் பாரிட்டோனின் இரண்டு பாட்டுகளையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இன்னும் இரண்டு சோப்ரானோ ஆரியாக்களை (ஓபரா தனிப்பாட்டுகளை) செருகினால், மூவர் உருப்படி வரும்போது பாடகியின் டிரில் (அடுத்தடுத்த இரண்டு சுரங்களை வேகமாக மாற்றி மாற்றிப் பாடுவது) தடித்துவிடும். ஒத்திகையில் இது தெரியாது, ஏனென்றால் ஒத்திகையில் யாரும் பத்தையும் வரிசையாகப் பாடுவதில்லை. ஆகவே கச்சேரிக்கு ஒரு வாரம் முன்பாவது, இடைவேளை உட்பட, முழு நிரலையும் ஒரே மூச்சில் ஒரு முறை ஓட்டிப் பார்ப்பது கட்டாயம்.

பாடகியைத் தேர்ந்தெடுப்பது

பெரும்பாலான தவறுகள் இங்கே தொடங்குகின்றன. 'காஸ்தா தீவா' என்றதும் இன்றைய காது கனத்த, இருண்ட குரலை எதிர்பார்க்கிறது. அப்படிப்பட்டவரைத் தேர்ந்தெடுத்தால் மூன்றாவது உருப்படி வெற்றி, ஏழாவது தோல்வி. லிண்டின் பலம் மெல்லிய ஒலியிலும் நீண்ட மூச்சிலும் சுத்தமான டிரில்லிலும் மேல் எஃப்-ஷார்ப் சுரத்தின் ஒளியிலும் இருந்தது. இசையமைப்பாளர் மெண்டெல்ஸோன் தம் சமய இசைப் படைப்பான 'எலியா'வின் சோப்ரானோ பகுதியை அந்த எஃப்-ஷார்ப்பை மனத்தில் வைத்தே எழுதினார் என்பது பழைய செய்தி. தேர்வுக்கு வருபவரை முதலில் 'காஸ்தா தீவா' பாடச் சொல்லக் கூடாது. மூவர் உருப்படியின் கடைசிப் பக்கங்களைப் பாடச் சொல்ல வேண்டும். அது வந்தால் 'காஸ்தா தீவா'வைப் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது சோதனை, உட்கார்ந்து பியானோ வாசித்தபடி பாடுவது. லிண்ட் தம் நாட்டுப் பாட்டுகளுக்குத் தாமே பியானோ வாசித்தார். அதைப் பற்றிப் பின்னால்.

ஒலிப்பதிவு எதுவும் இல்லை. லிண்ட் 1887-இல் காலமானார். மிஞ்சியிருக்கும் உறுதியான சான்று அவருடைய கடென்ஸாக்கள் (பாட்டின் முடிவருகே பாடகர் தனியாக விரித்துப் பாடும் அலங்காரப் பகுதிகள்): 1891-இல் லண்டனில் ஹாலண்டும் ராக்ஸ்ட்ரோவும் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றின் பிற்சேர்க்கையில் பல அச்சாகியுள்ளன. கணவர் ஆட்டோ கோல்ட்ஷ்மிட் அவற்றைப் பாதுகாத்து வைத்திருந்தார். நிரலின் எல்லாப் பாட்டுகளுக்கும் அதில் விடை கிடைக்காது. ஆனால் எந்தச் சுரத்தில் நின்று, எந்த வழியாக இறங்கி, எங்கே மூச்சு எடுத்தார் என்ற போக்கு பிடிபடும். அதை வைத்து மற்றவற்றுக்கும் கடென்ஸா எழுதிக்கொள்ளலாம். இருபதாம் நூற்றாண்டு இசைத்தட்டுகளைக் கேட்டு அலங்காரங்களைப் படி எடுப்பது வேண்டாம். அவை வேறு பரம்பரை.

முதல் நாள் இரவு, கூட்டத்தின் ஆரவாரத்தில் ஆரம்ப வரிகளில் லிண்டின் குரல் நடுங்கியது என்று அக்காலப் பத்திரிகைகள் எழுதின. அதை நடிக்கச் சொல்லும் இயக்குநர்கள் உண்டு. செய்யக் கூடாது. நடுக்கத்தை நடித்த குரல் அடுத்த வரியில் நிலைக்கு வராது.

உருப்படிகளில் எங்கே இடறும்

'காஸ்தா தீவா': பெல்லினி கையெழுத்தில் ஜி மேஜரில் எழுதினார், மேடையில் எஃப் மேஜருக்கு இறக்கப்பட்டு அப்படியே அச்சானது. வாடகைக்கு வரும் இசைக்குழுப் பிரதிகள் பொதுவாக எஃப்-இல் இருக்கும். ஆனால் இப்போதைய ஆய்வுப் பதிப்பிலிருந்து எடுத்தால் ஜி-யில் வரக்கூடும், ஆர்டர் கொடுக்கும்போதே கேட்டுவிட வேண்டும். பாடகி எஃப்-இல் பழகி, பிரதிகள் ஜி-யில் வந்து இறங்கினால் ஒரு ஒத்திகை வீண். இன்னொன்று, ஓபராவில் இதற்கு ஒரு கோரஸ் உண்டு. காஸில் கார்டன் நிரலில் கோரஸ் இல்லை. இரண்டு சரணங்களுக்கு நடுவே கோரஸ் பாடும் இடத்தைக் கிளாரினெட்டும் பஸ்ஸூனும் ஹார்னும் நிரப்ப வேண்டும், இல்லையேல் நாலைந்து பார்கள் (தாளச் சுற்றுகள்) வெறும் துணைவாசிப்பாக ஓடி, பாடகி பாட மறந்துவிட்டார் என்று அரங்கம் நினைக்கும். 'சோர்ஜெத்தே'யிலும் இதே சிக்கல்.

டூயட்: நகைச்சுவை சொல்லில் இருக்கிறது. 1850-இல் பாட்டின் சொற்களும் மொழிபெயர்ப்பும் அடங்கிய சிறு புத்தகத்தைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டுதான் கேட்டார்கள். மேடைக்கு மேலே ஓடும் எழுத்துத் திரையைவிடச் சிறு புத்தகம் நல்லது. ஒரு எச்சரிக்கை: மெல்லிய பாட்டின் நடுவே பக்கம் திருப்ப வேண்டி வந்தால் ஐந்நூறு தாள்கள் ஒன்றாகச் சரசரக்கும். ஒவ்வொரு பாட்டும் ஒரே விரிப்பில் முடியும்படி அச்சிட வேண்டும்.

மூவர் உருப்படி: 1844-இல் பெர்லினில் அரங்கேறிய ஓபரா அது. நாயகி வியெல்கா பாத்திரத்தை மாயர்பேர் லிண்டுக்காகவே எழுதினார், முதல் நாள் பாடியது வேறொருவர் என்றாலும். கதையில் வரும் பிரஷ்ய மன்னர் பிரெடெரிக் புல்லாங்குழல் வாசிப்பவர், அதனால் புல்லாங்குழல். இந்த ஓபராவின் பிரதிகளைத் தேடுவது சிரமம். மாயர்பேர் இதே இசையை 1854-இல் பாரிஸில் 'லேத்வால் து நோர்' ஓபராவின் மூன்றாம் அங்கத்தில் மறுபடி பயன்படுத்தினார். அந்தப் பிரதிகள் கிடைக்கும். பாட்டு வரிகள் பிரெஞ்சில் இருக்கும், சில இடங்கள் மாறியிருக்கும். நிகழ்ச்சிக் குறிப்பில் அதைச் சொல்லிவிட வேண்டும்.

இதில் கெடுவது சுருதி. குரலும் இரண்டு குழல்களும் இசைக்குழுவின் துணையில்லாமல் ஒன்றையொன்று துரத்தும் இடங்கள் உண்டு. குழலின் சுருதி காற்றின் வெப்பத்தைப் பொறுத்தது: ஒரு டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 3 சென்ட் (ஒரு சென்ட் அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு). ஒரு குழலைத் தூரத்து எதிரொலிபோல மேடைக்குப் பின்னால் நிறுத்துவது அழகான யோசனை. ஆனால் பின்கட்டு மேடையைவிட ஐந்து டிகிரி குளிர்ந்திருந்தால், குழலில் மூச்சு ஏறும்வரை அது கீழிறங்கிப் பேசும். பாடகி எந்தக் குழலைப் பிடிப்பது என்று தெரியாமல் இரண்டுக்கும் நடுவே நிற்பார். இருவரையும் மேடையில், பாடகியின் இரு பக்கத்திலும், ஒன்றரை மீட்டருக்குள் நிறுத்துவதே பத்திரம். இந்த மூவரும் இசைக்குழு ஒத்திகைக்கு முன்பே தனியாக மூன்று தடவையாவது உட்கார வேண்டும்.

இரட்டைப் பியானோ: இதை வெட்டச் சொல்லாத கணக்காளர் இல்லை. இரண்டாவது கிராண்ட் பியானோவின் வாடகை, தூக்குக் கூலி, சுருதி சேர்ப்பவர், மேடை இடம். இரண்டையும் ஒரே நாளில், விளக்குகள் எரிந்து மேடை சூடான பிறகு, ஒரே ஆள் சுருதி சேர்க்க வேண்டும். காலையில் சேர்த்துவிட்டுப் போனால் இரவு இரண்டும் தனித்தனி வழி போகும். மூடிகளைக் கழற்றி வால்கள் ஒன்றையொன்று பார்க்க வைப்பது வழக்கம். இடைவேளையில் ஒன்றை அகற்றி, மற்றதை எதிரொலிப் பாட்டுக்காக மேடை ஓரம் திருப்பி வைக்க நான்கு பேரும் பத்து நிமிடமும் தேவை. ஹாஃப்மன் அன்று 19 வயதுப் பையன். ஆகவே இந்த இடத்தை ஊரின் இளம் பியானோ கலைஞர் ஒருவருக்குக் கொடுப்பது வரலாற்றுக்கும் பொருந்தும், செலவுக்கும் பொருந்தும்.

எதிரொலிப் பாட்டு: லிண்ட் பெயரைப் போட்டு அக்காலத்தில் அச்சான 'எதிரொலிப் பாட்டு' தாள்கள் எல்லாம் ஒரே பாட்டல்ல. அவருடைய ஸ்டாக்ஹோம் ஆசிரியர் இசாக் பெர்க் எழுதிய ஸ்வீடிஷ் மேய்ப்பன் பாட்டும் உண்டு, வால்டெமார் த்ரானேயின் நார்வே மலைப்பாட்டும் உண்டு. முதல் நாள் நிரலில் 'மேய்ப்பன்' என்று இருப்பதால் பெர்க்கின் பாட்டை வைத்துக்கொள்வது பொருத்தம். எதிரொலியைப் பின்னணியில் இன்னொரு பாடகியை வைத்தோ ஒலிபெருக்கியில் தாமதம் கொடுத்தோ செய்தால் உருப்படியின் உயிரே போய்விடும். ஒரே தொண்டை முழுக் குரலில் கூப்பிட்டு, மறுகணம் மலைக்கு அப்பாலிருந்து வருவதுபோல அதே சுரத்தை இழையாக்கித் தருவதுதான் வித்தை. பியானோ பகுதி சில அடுக்குச் சுரங்கள்தான், நடுத்தரத் திறமை போதும். கஷ்டம், இறுக்கிய கச்சையுடன் உட்கார்ந்து மூச்சு எடுப்பதில். அந்த உடையோடே பழகாமல் மேடைக்கு வரக் கூடாது. பியானோவை 30 சென்டிமீட்டர் மேடைப்பலகையில் ஏற்றாவிட்டால் ஐந்தாவது வரிசைக்குப் பின்னால் யாருக்கும் முகம் தெரியாது.

'அமெரிக்காவுக்கு வாழ்த்து': பார்னம் 200 டாலர் பரிசு அறிவிக்க, 700-க்கு மேல் கவிதைகள் வந்தன. பேயர்ட் டெய்லர் வென்றார், பெனடிக்ட் இசையமைத்தார். தோற்றவர்கள் பத்திரிகைகளில் பொருமித் தீர்த்தார்கள், கேலிக் கவிதைத் தொகுப்பே வந்தது. உண்மையில் பாட்டு சுமார்தான். அதற்காக எடுத்துவிட வேண்டாம், நிரலின் முடிவே அதுதான். ஆனால் பழையபடி எழுந்து நின்று கைதட்டல் வரும் என்று எதிர்பார்த்து இடைவெளி விடக் கூடாது. எதிரொலிப் பாட்டின் கைதட்டல் அடங்கும் முன்னரே தொடங்கிவிட வேண்டும்.

இசைக்குழுவும் சுருதியும்

அன்று இசைக்குழுவில் 60 பேர். 'ஓபரான்' ஓவர்ச்சருக்கு ஊதுவாத்தியங்களும் டிம்பனியும் சேர்த்து 18 பேர் வேண்டும்: புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பஸ்ஸூன் இரண்டிரண்டு, ஹார்ன் நான்கு, டிரம்பெட் இரண்டு, டிராம்போன் மூன்று, டிம்பனி ஒருவர். மீதி 42 தந்தி வாத்தியங்கள். 500 இருக்கை அரங்குக்குத் தந்திகளை 8-7-5-4-3 (முதல் வயலின், இரண்டாம் வயலின், வயோலா, செல்லோ, டபுள் பாஸ்) என்று 27-ஆகக் குறைக்கலாம், மொத்தம் 45. அதற்குக் கீழே போனால் டிராம்போன்கள் தந்திகளை விழுங்கும், அப்போது ஓவர்ச்சரையே மாற்ற வேண்டிவரும். பெனடிக்டின் ஓவர்ச்சருக்குப் பிரதி கிடைக்காவிட்டால் வெபரின் வேறொரு ஓவர்ச்சரைப் போடலாம். பெனடிக்ட் வெபரின் நேர் சீடர். அதையும் நிகழ்ச்சிக் குறிப்பில் சொல்ல வேண்டும்.

1850-இல் பொதுச் சுருதி என்று எதுவும் கிடையாது. பிரான்ஸ் 435 என்று ('ஏ' சுரத்துக்கு வினாடிக்கு இத்தனை அதிர்வு) சட்டம் போட்டது 1859-இல்தான். லண்டன் இசைக்குழுக்கள் அப்போது 450-ஐத் தாண்டியிருந்தன. 452-க்கும் 440-க்கும் வித்தியாசம் ஏறக்குறைய 47 சென்ட், அரைச் சுரத்தில் பாதி. 'பழைய சுருதி' என்று சொல்லிக்கொண்டு 430-க்கு இறங்குபவர்கள் இந்தக் காலகட்டத்தை மொஸார்ட் காலத்தோடு குழப்பிக்கொள்கிறார்கள். பியானோ இரண்டு, குழல் இரண்டு என்று இருக்கும்போது 440-இல் நிற்பதே நடைமுறை.

அரங்கம், விளக்கு, உடை

காஸில் கார்டன் முதலில் ஒரு கோட்டை. பிறகு கூரை போட்டுக் கேளிக்கை அரங்கமாக்கினார்கள். 1855 முதல் குடியேறிகள் வந்திறங்கும் நிலையம், 1896 முதல் மீன்காட்சியகம். இப்போது காஸில் கிளிண்டன் என்ற தேசியச் சின்னம். வட்டச் சுவர் இருக்கிறது, கூரை இல்லை. திறந்த வெளியில் ஒலிபெருக்கி இல்லாமல் இந்த நிரல் எடுபடாது. ஒலிபெருக்கி வந்தால் எதிரொலிப் பாட்டு போச்சு. அசல் இடத்தில் நடத்த வேண்டும் என்ற ஆசையைவிட, 400 முதல் 600 பேர் உட்காரும், மரம் அதிகமுள்ள ஒரு பழைய அரங்கம் மேல்.

பார்வையாளர் பகுதியை இருட்டாக்கக் கூடாது. எரிவாயு விளக்குக் காலத்தில் கச்சேரி அரங்கம் முழுக்க வெளிச்சமாகத்தான் இருந்தது. மக்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள், சொற்புத்தகம் படித்தார்கள். அரங்க விளக்கைப் பாதியளவில் எரியவிட்டு, மேடைக்கு மஞ்சள் சாய்ந்த வெளிச்சம் கொடுத்தால் போதும். பாடகிமீது மட்டும் விழும் வட்ட ஒளி அந்தக் காலத்துக்குச் சம்பந்தமில்லாதது.

உடையில் எல்லாரும் செய்யும் பிழை, கவுனுக்குள் கம்பிக் கூண்டு. அது 1856-இல்தான் காப்புரிமை பெற்றது. 1850-இல் குதிரைமயிர் கலந்த துணியும் கஞ்சி போட்ட உள்பாவாடைகளுமாக நாலைந்து அடுக்குகள்தான் பாவாடையைத் தூக்கி நிறுத்தின. கூண்டு ஆடும், நிழல் வேறுமாதிரி விழும், பியானோ முன் உட்கார்ந்தால் முன்பக்கம் எழும்பிவிடும். உள்பாவாடைகளில் அந்த வம்பு இல்லை, சூடு மட்டும் அதிகம். லிண்ட் மேடையில் எளிய வெள்ளையில் வந்தார். வைரம் பதித்த கிரீடமெல்லாம் திரைப்படக் கற்பனை.

டிக்கெட்டும் வாசலும்

பார்னமின் ஏற்பாடுகளில் இன்றும் அப்படியே எடுத்துக்கொள்ளத்தக்கது இருக்கை ஒழுங்கு. அரங்கத்தை நான்கு பகுதியாகக் கற்பனைக் கோடுகளால் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிற விளக்கு. டிக்கெட்டும் அதே நிறம். நூறு வழிகாட்டிகள், கையில் அதே நிற ரிப்பன் கட்டிய கோல். கதவு திறந்தது 5 மணிக்கு, கச்சேரி 8 மணிக்கு. சுமார் 5,000 பேர் சலசலப்பில்லாமல் உட்கார்ந்தார்கள். ஐம்பது பேருக்கு ஒரு வழிகாட்டி என்று வைத்தால் 500 இருக்கைக்குப் பத்துப் பேர். இன்றைய அரங்கங்கள் இதில் பாதிகூட நிறுத்துவதில்லை.

எதிர் உதாரணமும் லிண்டின் அதே அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் உண்டு. ஒரு மாதம் கழித்து, அக்டோபர் 12 அன்று பாஸ்டனில், ஃபிட்ச்பர்க் ரயில் நிலையத்தின் மாடிக் கூடத்தில் வைத்த கச்சேரியில் கூட்டம் கொள்ளாமல் நெரிந்து, பீதி கிளம்பி, பணத்தைத் திருப்பிக் கேட்டுச் சண்டையில் முடிந்தது. நின்று கேட்பவர்களுக்கான டிக்கெட்டில்தான் இந்த ஆபத்து எப்போதும் ஒளிந்திருக்கும்.

முதல் டிக்கெட் ஏலம் மறு மேடையேற்றத்துக்கு நல்ல முன்நிகழ்ச்சி. நியூயார்க்கில் தொப்பிக்கடைக்காரர் ஜான் ஜெனின் 225 டாலருக்கு எடுத்தார். நாடு முழுக்க அவர் பெயர் பரவி, ஆண்கள் தங்கள் தொப்பியைக் கழற்றி உள்ளே 'ஜெனின்' முத்திரை இருக்கிறதா என்று பார்த்த கதை பார்னம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தது. பாஸ்டனில் பாடகர் ஓசியன் டாட்ஜ் 625 டாலர். பிராவிடன்ஸில் கர்னல் ராஸ் 650 டாலர் கொடுத்து வாங்கிவிட்டுக் கச்சேரிக்கே வரவில்லை. இன்று இதை நன்கொடை ஏலமாக நடத்தினால் லிண்டின் வழக்கத்துக்கும் பொருந்தும்: முதல் கச்சேரிகளில் தம் பங்கான சுமார் 10,000 டாலரை அவர் நியூயார்க்கின் அறநிலையங்களுக்கே பிரித்துக் கொடுத்தார். அதில் தீயணைப்புப் படை நிதிக்கு மட்டும் 3,000.

நிகழ்ச்சிக் குறிப்பில் விடுபடுவது

லிண்டைக் கேட்டவர்கள் எல்லாரும் உருகிவிடவில்லை. கவிஞர் வால்ட் விட்மன் கேட்டுவிட்டு, வித்தை பெரிது, நெஞ்சைத் தொடவில்லை என்ற பொருளில் எழுதினார். அதையும் அச்சிட்டால் வாசகருக்குக் காதைத் தீட்டிக்கொள்ள ஒரு காரணம் கிடைக்கும்.

இன்னொன்று கனமானது. இந்தச் சுற்றின் பாதி ஊர்கள் அடிமை முறை நிலவிய மாநிலங்களில் இருந்தன. நாச்செஸில் அடிமையாகப் பிறந்து ஃபிலடெல்ஃபியாவில் வளர்ந்த எலிசபெத் டெய்லர் கிரீன்ஃபீல்ட் 1851-இல் பஃபலோவில் மேடையேறியபோது, லிண்டோடு ஒப்பிட்டே பத்திரிகைகள் அவருக்குப் பட்டப்பெயர் வைத்தன. 1853 மார்ச் 31 அன்று அவர் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஹாலில் பாடினார். முன்பு டிரிப்ளர் ஹால் என்ற பெயரில் லிண்ட் பாடிய அதே அரங்கம். கறுப்பின மக்களுக்கு அன்று உள்ளே அனுமதியில்லை. ஊர் ஊராகச் சுற்றும் மறு மேடையேற்றம் என்றால் நாச்செஸிலோ ஃபிலடெல்ஃபியாவிலோ ஓர் இரவைக் கிரீன்ஃபீல்டின் நிரலுக்கு ஒதுக்குவது வரலாற்றுக்கு நேர்மை.

ஊர் ஊராகப் போவது

பார்னமின் கணக்கு ஏடு ஊர்வாரியாக அச்சில் கிடைக்கிறது. அறத்துக்கென நடந்தவை நீங்கலாக 95 கச்சேரிகள், மொத்த வசூல் 712,161.34 டாலர். நியூயார்க்கில் 35 கச்சேரிக்கு 286,216.64, நியூ ஆர்லியன்ஸில் 12-க்கு 87,646.12, பாஸ்டனில் 7-க்கு 70,388.16, ஹவானாவில் 3-க்கு 10,436.04. சராசரி ஒரு கச்சேரிக்கு 7,500 டாலருக்குச் சற்றுக் கீழே. நியூயார்க்கில் எழுதிய திருத்திய ஒப்பந்தப்படி செலவுக்கும் உழைப்புக்கும் 5,500 பார்னமுக்கு, 1,000 லிண்டுக்கு, மிச்சம் சரிபாதி. அதாவது 6,500-க்குக் கீழே வசூலான ஊரில் இழப்பு பார்னமுடையது. ஹவானா சராசரி 3,500-ஐக்கூட எட்டவில்லை. 1851-இல் லிண்ட் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு 32,000 டாலர் ஈடு கட்டிய பிறகும் அவர் கையில் நின்றது 176,675.09 டாலர்.

இந்த ஏட்டைப் படித்தால் வழித்தடம் தானாகக் கிடைக்கும். முழு நிரலையும் முழு இசைக்குழுவையும் நியூயார்க், பாஸ்டன், நியூ ஆர்லியன்ஸ், சின்சினாட்டி போன்று பல இரவுகள் தாங்கிய ஊர்களுக்கு வைத்துக்கொள்ளலாம். நாச்செஸ், மெம்ஃபிஸ், மேடிசன், வீலிங், பிட்ஸ்பர்க் எல்லாம் ஒற்றை இரவு ஊர்கள். அங்கே ஓவர்ச்சர்களை விட்டுவிட்டு இரண்டு பியானோ, இரண்டு குழல், ஒரு பாரிட்டோன், ஒரு பாடகி என்று ஆறு பேராகப் போகலாம். ஓவர்ச்சர் இருந்த இடங்களில் பியானோக்கள் வெபரின் மெட்டுகளை வாசிக்கட்டும். பாரிட்டோனுக்கு இன்னொரு பாட்டைக் கூட்டலாம், சோப்ரானோவுக்குக் கூட்ட வேண்டாம். இந்தியானாவின் மேடிசனில் அன்று பன்றி இறைச்சி பதப்படுத்தும் கொட்டகையில்தான் கச்சேரி நடந்தது, வசூல் 3,693.25. அடுத்தடுத்த இரண்டு நாளில் இரண்டு ஊர் என்று போட வேண்டாம். கச்சேரிக்கு மறுநாள் பயணம், அதற்கு மறுநாள் ஓய்வும் சுருதி சேர்ப்பும், மூன்றாம் நாள் மேடை.